விளக்கு எரியுதா

அவனுக்கு அங்கே தொடைநடுங்கி என்று பெயர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள், அவனும் திரும்பிப் பார்ப்பான். சுண்ணாம்புச் சூளையில் நெருப்பைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. நெருப்பிடம் அவனுக்குப் பயம் கிடையாது. நெருப்பு கண்ணுக்குத் தெரியும், கிட்டப் போனால் சுடும், சுட்டால் வலிக்கும். ஒளிவுமறைவு இல்லாத சாமான் அது. அவன் பயந்தது கல் விடும் மூச்சுக்கு.

அங்கே இரண்டு சூளைகள். பெரியவள், சின்னவள் என்று யாரோ எப்போதோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது. ஒரு மேட்டின் விளிம்பை வெட்டி, தோளோடு தோள் உரசுகிற மாதிரிக் கட்டியிருந்தார்கள். மேல் முற்றத்தில் நின்று எட்டிப் பார்த்தால் இரண்டும் அகலமான கிணறுகள். சரிவில் சுற்றிக்கொண்டு கீழ் முற்றத்துக்கு வந்தால், கிணற்றின் அடியில் ஆளுக்கொரு வாய். மேலிருந்து கல்லையும் கரியையும் மாற்றி மாற்றி அடுக்குவார்கள். நடு வயிற்றில் நெருப்பு நிற்கும். வெந்த சுண்ணாம்பை அடிவாய் வழியாக நீள இரும்பு வாரியால் இழுத்து எடுப்பார்கள்.

போட்ட கல் எந்த அளவோ, வெந்த கல்லும் அதே அளவில்தான் வெளியே வரும். ஆனால் எடுத்தால் கை ஏமாந்து மேலே போகும். எடையில் கிட்டத்தட்டப் பாதி இருக்காது. உடையவில்லை, உதிரவில்லை, சாம்பலாகவும் இல்லை. பாதிக் கல் காற்றாகிப் போயிருக்கும். "கல்லு மூச்சு விட்டுடுச்சு" என்பார்கள், ஏதோ குழந்தை ஏப்பம் விட்ட மாதிரி. தினமும் வண்டி வண்டியாகக் கல் கொட்டுகிறோமே, அதில் பாதி எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று அவன் ஒருமுறை கேட்டுவைத்தான்.

"உன் தொடையில" என்றார்கள். "அதான் அப்படி ஆடுது."

அந்த மூச்சை அவன் ஒரு தடவை பார்த்திருக்கிறான். பார்த்தான் என்று சொல்லக்கூடாது, பார்க்க அதில் ஒன்றும் இல்லை. சுண்ணாம்பின் தரம் பார்க்கிற லேப் மேடம் ஒரு மதியம், வேலை ஓய்ந்த நேரத்தில், நாலைந்து பேரைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒரு கண்ணாடி ஜாடியில் வேகாத கல் துண்டுகளைப் போட்டு அமிலம் ஊற்றினாள். கல் நுரைத்தது. நுரை அடங்கியதும் ஜாடியில் கல்லும் கலங்கிய நீரும் மட்டும்தான், மேலே வெறுமை. பக்கத்தில் ஒரு கிண்ணத்துக்குள் குட்டையான மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. மேடம் ஜாடியை அதன்மேல் மெதுவாகச் சாய்த்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழவில்லை. அந்த வெறுமையைத்தான் ஊற்றினாள். மெழுகுவத்தி அணைந்தது.

"சூடு பண்ணினாலும் கல்லுலேர்ந்து வர்றது இதேதான்" என்றாள். "சூடா இருக்கிற வரைக்கும் மேல போகும். ஆறிடுச்சுன்னா காத்தைவிட கனம். தண்ணி மாதிரி பள்ளம் தேடிப் போய் உட்காரும்."

மற்றவர்கள் வித்தை பார்த்த மாதிரிக் கை தட்டினார்கள். அவன் தட்டவில்லை. அன்றிலிருந்து பள்ளம் என்று எதைக் கண்டாலும் சுற்றிக்கொண்டுதான் போவான்.

ஆறிக் கிடக்கும் சூளைக்குள் ஆள் இறங்குவதற்கு ஒரு முறை உண்டு. முதலில் விளக்கு இறங்கும். கயிற்றை விடுகிறவன் "விளக்கு எரியுதா?" என்று கேட்பான். விளிம்பில் குனிந்து பார்க்கிறவன் "எரியுது" என்பான். அதற்கப்புறம்தான் ஏணியில் கால் வைக்கவேண்டும். உள்ளே வேலை நடக்கும்போதும் நடுநடுவே மேலேயிருந்து அதே கேள்வி, கீழேயிருந்து அதே பதில். கேட்காமல் யாரும் இறங்கியது கிடையாது. குடித்துவிட்டு வருகிறவன்கூடக் கேட்பான்.

முன்பு அது மண்ணெண்ணெய் விளக்கு. ஒரு முறை கயிறு நழுவி, விளக்கு உடைந்து, எண்ணெய் சிந்தி ஒருவன் கால் வெந்துபோனது. ஸ்டோர்காரர் நல்ல மனுஷன். உடனே அலைந்து பேட்டரி விளக்கு வாங்கிக்கொண்டு வந்தார். விழுந்தாலும் உடையாது, நனைந்தாலும் கெடாது, உள்ளே பட்டப்பகல் மாதிரி வெளிச்சம். எல்லோருக்கும் சந்தோஷம். விளக்கு மாறியது. கேள்வி மாறவில்லை. அதே கேள்வி, அதே பதில், அதே ஏணி. அதில் ஒரு கோளாறு இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. பயப்படுவதையே பிழைப்பாக வைத்திருந்த அவனுக்கும் தோன்றவில்லை.

அன்று காலை சின்னவளுக்குள் இறங்கவேண்டியது அவன் தங்கையின் கணவன். கொத்தனார். நெருப்புச் செங்கல் வைப்பதில் அவனுக்கு நிகராக அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. அதை அவனே எல்லோருக்கும் சொல்லிவிடுவான், அடுத்தவருக்குச் சிரமம் வைக்கமாட்டான். சின்னவளின் அடிப்பகுதியில் செங்கல் வெந்து பொரிந்துபோயிருந்தது. பழையதைப் பெயர்த்துவிட்டுப் புதிதாக வைக்கவேண்டும். ஈரக் கலவையில் காற்றடித்தால் வெடித்துவிடும் என்று அடிவாயின் இரும்புக் கதவைச் சாத்தி, சந்தில் களிமண் பூசச் சொல்லியிருந்தான். அப்படியே செய்திருந்தார்கள்.

பெரியவள் மும்முரமாக எரிந்துகொண்டிருந்தாள். இரண்டு சூளையின் புகைவழியும் மேல் முற்றத்து மண்ணுக்கடியில் ஓடி, கோடியில் நிற்கிற ஒரே புகைபோக்கியில் போய்ச் சேரும். ஆறிக் கிடக்கிற சூளையின் வழியை மட்டும் ஓர் இரும்புத் தகடு போட்டு அடைத்துவைப்பார்கள். அவன் காலையில் வந்ததும் முதல் வேலையாகச் சின்னவளின் தகட்டைக் கம்பியால் தட்டிப் பார்த்தான். ணங் என்றது. மறுபடி தட்டினான். மறுபடி ணங்.

"மச்சான், அது என்ன மத்தளமா?" என்றான் மாப்பிள்ளை. "தட்டினது போதும், விளக்கை இறக்கு."

தகட்டின் மேல்பாதி நன்றாகத்தான் இருந்தது. மண்ணுக்குள் மறைந்திருந்த கீழ்ப்பாதியைச் சூடும் துருவும் தின்றுவிட்டிருந்தன. தட்டினால் அது தெரியாது.

அவன் கயிற்றை விட்டான். "விளக்கு எரியுதா?"

விளிம்பில் நெட்டையன் எட்டிப் பார்த்தான். செங்கல் இறக்கிக் கொடுக்கிற கையாள். ஆள் ஏணி உயரம், அவசரமும் அதே உயரம். "எரியுது."

"நல்லாப் பாத்தியா?"

"கண்ணு கூசுதுப்பா."

மாப்பிள்ளை இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினான். பாதியில் நின்று மேலே பார்த்தான். "மச்சான், துணைக்கு ஆள் வேணும்னா நேரா கேளு. கீழ வந்தா மடியில உட்கார வச்சுக்கறேன்."

கீழ் முற்றத்தில் தங்கை சுத்தியலோடு உட்கார்ந்திருந்தாள். பெரியவள் கக்கிய சுண்ணாம்புக் கட்டிகளை உடைத்து, உள்ளே வேகாத கல் இருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கிற வேலை. காலையிலேயே அண்ணனிடம் ஓர் எச்சரிக்கை கொடுத்திருந்தாள்.

"அண்ணே, உள்ள போய் அவரு சிகரெட் ஊதினா எனக்குச் சொல்லணும். ராத்திரி எல்லாம் இருமல். நீ மறைச்சேன்னா உன்னையும் சேர்த்துத்தான் பேசுவேன்."

"நான் எங்கடி மறைக்கப்போறேன். எனக்கு உன்னை நினைச்சாலே நடுக்கம்."

"உனக்கு எதை நினைச்சாதான் நடுக்கம் இல்லை."

இறங்கியதும் மாப்பிள்ளை இடுப்புக் கயிற்றை அவிழ்த்துச் செங்கல் வாளியில் கட்டிவிட்டான். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். கயிறு ஒன்று, வேலை இரண்டு. தரையில் நிற்கிறவனுக்குக் கயிறு எதற்கு.

உச்சி வேளைக்குப் பெரியவளின் நெருப்பு மேலே ஏறத் தொடங்கியது. பார்வைத் துளையில் கண் வைத்தான். கல் பழச் சிவப்பைத் தாண்டி ஆரஞ்சுக்கு வந்துவிட்டது. அந்த நிறத்தில்தான் கல் மூச்சை முழுசாக விடும். நிறம் சரி, ஆனால் வேகம் அதிகம். இந்த வேகத்தில் விட்டால் மேலே கிடக்கும் கல் வெந்து கருகிவிடும். வழக்கம்போலச் சங்கிலியை இழுத்துப் புகைபோக்கியின் மூடியைப் பாதி சாத்தினான். அரை மணி நேரத்தில் வேகம் அடங்கியது. காற்றும் அடங்கியிருந்தது. முற்றத்தில் ஒரு காகிதம்கூட நகரவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, சின்னவளின் விளிம்புக்கு வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டான்.

"விளக்கு எரியுதா?"

"எரியுது, எரியுது." குரலில் இளைப்பு. "மச்சான், எனக்கு வயசாயிடுச்சா? நாலு செங்கல் வைக்கிறதுக்குள்ள மூச்சு வாங்குது."

"மேல வாயேன். ஒரு டீ குடிச்சிட்டுப் போ."

"இந்த வரிசை முடியட்டும். கலவை இறுகிடும்." பிறகு குரலைத் தாழ்த்தி, அதாவது அந்தக் கிணற்றுக்குள் எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, "தீப்பெட்டி இருக்கா?" என்றான்.

"எதுக்கு?"

"காது குடைய. எதுக்குன்னு கேக்கறான் பாரு. லைட்டர் பத்த மாட்டேங்குது."

அவன் கீழ் முற்றத்துப் பக்கம் பார்த்தான். சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நெட்டையன் சிரித்துக்கொண்டே தன் தீப்பெட்டியை வாளியில் போட்டு இறக்கினான். "அண்ணி கேட்டா நான் இல்லை."

கீழே குச்சி உரசுகிற சத்தம் கேட்டது. இன்னொரு குச்சி. இன்னொன்று.

"நமுத்துப்போன பெட்டியைக் கொடுத்திருக்கான் நெட்டையன். உரசினா புஸ்ஸுன்னு பத்துது, உடனே செத்துடுது. உன் தங்கச்சி மந்திரம் கிந்திரம் போட்டிருக்காளா மச்சான்?" சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு இளைப்பில் சிக்கிக்கொண்டது. "மூக்கு வேற காரமா இருக்கு. சோடா குடிச்சு ஏப்பம் விட்டா மூக்குல ஏறுமே, அந்த மாதிரி."

நெட்டையன் முணுமுணுத்தான். "காலையில வாங்கின பெட்டி. இப்பதான் அதுல ஒண்ணு பத்த வச்சேன்."

அவனுக்குக் கால் சில்லிட்டது. காரணம் இன்னும் பிடிபடவில்லை. உடம்புக்கு முதலில் தெரிந்துவிட்டது. கிண்ணத்துக்குள் இருந்த குட்டை மெழுகுவத்தி நினைவுக்கு வந்தது. அதன்மேல் சாய்ந்த ஜாடி. தீக்குச்சி எரியவில்லை. விளக்கு எரிகிறது. விளக்கு எரிகிறதே என்று ஒரு நொடி அதையே பிடித்துக்கொண்டு நின்றான். அப்புறம் அந்த விளக்கு எதனால் எரிகிறது என்பது உறைத்தது.

"மாப்ளே, எல்லாத்தையும் போட்டுட்டு மேல வா."

"என்ன?"

"ஏணியைப் பிடி. இப்பவே. குனியாதே."

"ஏன், மேனேஜர் வர்றாரா?" சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. "இரு, கரண்டி கீழ விழுந்துடுச்சு."

"கரண்டி கிடக்கட்டும்டா. குனியாதே."

அவன் எட்டிப் பார்த்தபோது மாப்பிள்ளை குனிந்துகொண்டிருந்தான். கரண்டியை எடுத்தும்விட்டான். எடுத்த கையோடு, யோசிக்கிறவன் மாதிரி ஒரு முழங்காலை ஊன்றினான். பிறகு அடுத்த முழங்கால். பிறகு கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்துக்கொண்டான். விழவில்லை. படுத்துக்கொண்டான். அவன் தலைமாட்டில் விளக்கு பட்டப்பகல் மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

நெட்டையன் ஏற்கெனவே ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டான். தொடைநடுங்கி பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தான்.

"விடு. மயங்கிட்டாரு."

"நீ இறங்கினா நீயும் படுத்துக்குவே."

"தொடைநடுங்கி, கையை எடு. உன் தங்கச்சி புருஷன்டா அவரு."

"தெரியும்." அவன் கையை எடுக்கவில்லை. எண்ணெய்த் துணி ஒன்றைக் கம்பி நுனியில் சுற்றி, பற்றவைத்து, கம்பியோடு உள்ளே விட்டான். ஏணியின் பாதி வரை நன்றாக எரிந்தது. கொத்தனார் ஏறி நிற்கப் போட்டிருந்த சாரப் பலகையைத் தொடுமுன் சுடர் சுருங்கி, நீலமாகி, நின்றுவிட்டது. ஊதி அணைத்த மாதிரிகூட இல்லை. இல்லாமல் போனது. மேலே இழுத்து மறுபடி பற்றவைத்து இறக்கினான். இந்த முறை பலகைக்கு இன்னும் மேலேயே அணைந்தது.

"பாத்தியா. ஏறுது" என்றான்.

நெட்டையன் காலை மெதுவாக வெளியே எடுத்தான்.

எப்படி வந்தது என்று அவனுக்கு இப்போது தெரிந்தது. புகைபோக்கியைப் பாதி சாத்தியது அவன் கைதான். போக வழியில்லாத மூச்சு, மண்ணுக்கடியில் ஓடி ஆறி, கனத்து, தகட்டுக்குக் கீழே நுழைந்து, சின்னவளின் உள்சுவரில் சத்தமில்லாமல் வழிந்துகொண்டிருக்கிறது. காலையிலிருந்து பெரியவள் அடிவயிறு நிறையக் கல் வேகவைத்தாளே, அந்தக் கல்லின் பாதி இதோ இங்கே, மாப்பிள்ளையின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

"சங்கிலியை இழு. மூடியை முழுசா திற. அப்புறம் கீழ ஓடி வா. இறங்கினேன்னு தெரிஞ்சா நானே உன்னைக் கொன்னுடுவேன்."

சொல்லிவிட்டு, கம்பியோடு சரிவில் ஓடினான். தண்ணீர் மாதிரி என்றாளே மேடம். தண்ணீர் என்றால் அடைப்பை எடுத்தால் போகும். அடைப்பு அடிவாயில் இருக்கிறது. அதைச் சாத்தி, களிமண்ணும் பூசிவைத்திருக்கிறார்கள்.

தங்கை அவன் முகத்தைப் பார்த்ததுமே எழுந்துவிட்டாள். "என்னாச்சு அவருக்கு?"

"உள்ள காத்து இல்லை. கதவை உடை."

சின்னவளின் அடிவாய்க்கு முன்னால் ஒரு குறுகிய சந்து, மூன்று படி கீழே இறங்கும், இரண்டு பக்கமும் சுவர். அவள் படிகளில் இறங்கிச் சுத்தியலைச் சுழற்றினாள். கல் உடைக்கிற கை. களிமண் உதிர்ந்தது. தாழ்ப்பாள் வளைந்தது. அடுத்த அடியில் கதவு அவளை நோக்கித் திறந்துகொண்டது. அவன் அவள் சட்டைக் காலரைப் பிடித்து மேல்படிக்கு இழுத்தான்.

"விடு."

"கதவு திறந்தாச்சு. இப்ப அது இந்த வழியா வருது. நம்ம காலுக்கு மேல வருது."

"என்ன வருது? ஒண்ணுமே இல்லையே. அதோ அவரு காலு தெரியுது. விடுண்ணே." அவள் திரும்பி அவன் வாயில் குத்தினாள். பல் உதட்டைக் கிழித்தது. அவன் விடவில்லை. கடித்தாள். விடவில்லை. வாழ்நாளில் அவன் எதையும் அப்படிப் பிடித்துக்கொண்டதில்லை, தைரியத்தில் அல்ல, பயத்தில். இருவரும் உள்ளே படுத்துக் கிடப்பது அவன் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருந்தது.

நெட்டையன் ஓடி வந்து சேர்ந்தான். பின்னாலேயே, சத்தம் கேட்டு லேப் மேடமும் வந்தாள். "இவளைப் பிடி" என்று தங்கையை நெட்டையன் கையில் ஒப்படைத்துவிட்டு, சுவரில் சாத்தியிருந்த வாரியை எடுத்தான். இரண்டு ஆள் நீளம், நுனியில் வளைந்த கொக்கி. சுண்ணாம்பு இழுக்கிற வாரி. மேல்படியிலிருந்து எட்டவில்லை. கடைசிப் படியில் நின்றால்தான் எட்டும்.

எண்ணெய்த் துணியைப் பற்றவைத்துக் கம்பியைத் தாழ நீட்டினான். முழங்கால் உயரத்தில் சுடர் செத்தது. மறுபடி பற்றவைத்து இடுப்பு உயரத்தில் பிடித்தான். எரிந்தது, மனசில்லாமல். அதைச் சுவர் விரிசலில் இடுப்பளவில் செருகினான். நிமிர்ந்து நின்றால் மூச்சு விடலாம். ஆனால் வாய்க்குள் கொக்கியை நுழைக்கக் குனியவேண்டும்.

மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு குனிந்தான்.

உள்ளே நல்ல வெளிச்சம். அதுதான் கொடுமை. செங்கல்லின் ஒவ்வொரு வரியும் தெரிந்தது, அன்று காலை வைத்த புது வரிசையின் ஈரம் தெரிந்தது, மாப்பிள்ளையின் பாதி திறந்த கண் தெரிந்தது. பார்த்தால் அதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் இல்லை. கொக்கியை வீசி இழுத்தான். வாளி வந்தது. நிமிர்ந்து, சுடரைப் பார்த்து, இரண்டு மூச்சு விட்டு, மறுபடி குனிந்தான். இந்த முறை காலில் மாட்டியது. இழுத்தான். செருப்பு மட்டும் வந்தது. மேல்படியில் தங்கை ஏதோ ஒரு சத்தம் போட்டாள். அழுகையோ வார்த்தையோ இல்லை அது.

நிமிர்ந்தபோது சுடர் நீலமாகிக்கொண்டிருந்தது. சந்து நிரம்புகிறது. அவன் தொடைகள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஆடின. ஓடிவிடலாம் என்று முழு உடம்பும் சொன்னது. ஓடினால் யாரும் ஆச்சரியப்படமாட்டார்கள் என்பதும் தெரிந்தது. மூக்கில் சோடாக் காரம் ஏறியது. தலையை உயர்த்தி ஒரு மூச்சு திருடிக்கொண்டு மூன்றாவது முறை குனிந்தான். கொக்கி இடுப்பு வாரில் விழுந்தது.

"பிடிச்சு இழுங்க" என்று கத்த அவனிடம் காற்று இல்லை. வாரியின் தண்டைப் பின்னால் தள்ளிக் காட்டினான். நெட்டையனும் தங்கையும் பிடித்துக்கொண்டார்கள். தினமும் கட்டி கட்டியாகச் சுண்ணாம்பு இழுக்கிற அதே வாய் வழியாக, அதே மாதிரி, உரசிக்கொண்டு, புரண்டுகொண்டு, வெள்ளை அப்பிய ஒரு மனிதன் வெளியே வந்தான்.

படிக்கு மேலே தூக்கித் தரையில் கிடத்தப் போனார்கள். மேடம் குறுக்கே வந்தாள்.

"இங்க போடாதீங்க. இங்க எல்லாம் பரவியிருக்கும். மேல தூக்குங்க, சரிவுக்கு மேல."

நால்வருமாகத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். தலை தொங்கி ஆடியது. மேல் முற்றத்தில் கிடத்தியதும் மேடம் மண்டியிட்டு மாப்பிள்ளையின் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஊதினாள். மார்பு ஏறி இறங்கியது. அவள் நிறுத்தினால் அதுவும் நின்றது. மறுபடி ஊதினாள். தங்கை கணவன் மார்பையே பார்த்துக்கொண்டு நின்றாள், அது தானாக ஏறுகிறதா என்று. சுண்ணாம்புத் தூசு அவள் கண்ணிமையில் படிந்திருந்தது. துடைக்கவில்லை.

ஒரு தடவை, மேடம் வாயை எடுத்த பிறகும், மார்பு ஏறியது. இருமினான். கோணலாகத் திரும்பி வாந்தி எடுத்தான். பிறகு மூச்சு விட்டான். அசிங்கமான, இழுப்பு மாதிரியான மூச்சு. அதைக் கேட்டுத்தான் தங்கை தரையில் உட்கார்ந்தாள்.

நெட்டையன், செய்ய வேறொன்றும் தோன்றாமல், சின்னவளுக்குள் தொங்கிய கயிற்றை இழுத்தான். விளக்கு மேலே வந்தது. கீறல்கூட இல்லை. நடுமத்தியான வெயிலிலும் கண் கூசுகிற மாதிரி எரிந்துகொண்டிருந்தது. யாரும் அதை அணைக்கவில்லை. நெட்டையன் அதைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான். பெரிதாக ஒன்றும் போய்விடவில்லை என்றார்கள். சில சொற்கள் மட்டும் அவனுக்கு உடனே கிடைக்காது. செங்கல் என்று சொல்ல வந்து, கையால் காட்டி, கொஞ்சம் தேடி, பிறகு சொல்வான். தேடும்போது முகத்தில் ஒரு சிரிப்பு வைத்துக்கொள்வான். அந்தச் சிரிப்பைத்தான் பார்க்க முடியவில்லை.

தங்கை ஒரு நாள் அண்ணனிடம் சொன்னாள். "என்னை நீ பிடிச்சு வச்சே. அதை நான் மறக்கவே மாட்டேன்." நன்றியா, வஞ்சமா என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்கவும் பயம்.

சூளையில் யாரும் அவனுக்குப் பெயரை மாற்றவில்லை. தொடைநடுங்கி தொடைநடுங்கிதான். கூப்பிடும்போது சிரிப்பு மட்டும் குறைந்திருந்தது. அவன் பயம் குறையவில்லை. வீட்டில் மகள் தரையில் உட்கார்ந்து படம் வரைந்தால் தூக்கி மேஜைமேல் உட்காரவைத்தான். கட்டிலுக்கு அடியில் குனிந்து தீக்குச்சி கொளுத்திப் பார்த்தான். "வீட்டைக் கொளுத்திடாதீங்க" என்றாள் மனைவி.

சின்னவளுக்குப் புதுத் தகடு வந்தது. மேடம் சொல்லி, காற்றை அளக்கிற மீட்டர் ஒன்றும் வந்தது. கெட்ட காற்று பட்டால் கத்தும். நல்ல மீட்டர், அவனே ஜாடி வைத்துச் சோதித்துப் பார்த்தான், கத்தியது. ஆனாலும் ஸ்டோரின் மூலையில் கிடந்த ஒரு பழைய மண்ணெண்ணெய் விளக்கைத் தேடி எடுத்து, திரி மாற்றி, மீட்டரோடு சேர்த்துக் கட்டினான். ஸ்டோர்காரர் தானே எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார்.

பாதியில் நின்ற வரிசையை முடிக்க மாப்பிள்ளையே வந்தான். வேறு ஆள் வைக்கிறோம் என்றார்கள், அவன் ஒப்பவில்லை. பெரியவளை அணைத்து ஆறப்போட்ட பிறகுதான் இறங்கவேண்டும் என்று தொடைநடுங்கி சொன்னான், அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. கீழே அடிவாய் அகலத் திறந்திருந்தது. அதற்கு எதிரே, மேல்படியில், தங்கை சுத்தியலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இடுப்புக் கயிற்றை மாப்பிள்ளை இந்த முறை அவிழ்க்கவில்லை. அதன் மறுமுனை மேலே தொடைநடுங்கியின் கையில் இருந்தது, இரண்டு சுற்று சுற்றி. மாப்பிள்ளை தரையில் கால் வைப்பது கயிற்றில் தெரிந்தது. விளக்கு தரையை ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"தீ எரியுதா?" என்று கேட்டான். இப்போது அப்படித்தான் கேட்கவேண்டும் என்று எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தான். விளக்கு இல்லை, தீ.

பதில் வரவில்லை.

விளிம்பிலிருந்து பார்த்தால் சுடர் தெரிந்தது. மஞ்சளாக, நேராக நின்றது. மீட்டர் கத்தவில்லை. ஆனால் மாப்பிள்ளை நின்ற இடத்தில் அசையாமல் நின்றுகொண்டு, சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. தொடைநடுங்கி கயிற்றை இறுக்கினான். நெட்டையனும் வந்து பிடித்துக்கொண்டான். கீழ் முற்றத்தில் சுத்தியல் தரையில் உரசுகிற சத்தம் கேட்டது, தங்கை எழுந்துவிட்டாள்.

"மாப்ளே. தீ எரியுதா?"

மாப்பிள்ளை மேலே நிமிர்ந்தான். உதடு அசைந்தது. கையால் சுடரைக் காட்டினான். முகத்தில் அந்தச் சிரிப்பு வந்தது. சொல்லைத் தேடுகிறான்.

மூவரும் காத்திருந்தார்கள்.

"எரியுது" என்றான் கடைசியில். பிறகு, அதைச் சொல்லிவிட்ட தெம்பில், "மச்சான், கயிறு குடலை அறுக்குது. கொஞ்சம் தளர்த்து."

அவன் தளர்த்தவில்லை.